குழலை ஊதினால் ஆஸ்துமா போய்விடுமா?

காலையில் கண் விழித்ததும் தும்மல். ஒன்றல்ல, இரண்டல்ல, வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு. பிறகு மூக்கு தண்ணீராய் ஒழுகும். குளித்து முடிப்பதற்குள் ஒரு பக்கம் அடைத்துக்கொள்ளும். அலுவலகத்தில் குளிர்சாதனத்துக்கு அடியில் உட்கார்ந்ததும் மறுபடியும் ஆரம்பம். நம் நாட்டில் இப்படி ஒருவராவது இல்லாத வீட்டைக் காண்பது அரிது. எங்கள் வீட்டில் அந்த ஒருவர் நான். இருபது ஆண்டுகளாகக் கைக்குட்டை இல்லாமல் வெளியே கிளம்பியதில்லை.

எனக்கு மூக்கோடு நின்றது. கிள்ளானில் இருக்கும் என் அக்காவின் மகனுக்கு நெஞ்சுக்கும் இறங்கிவிட்டது. ஒன்பது வயதுப் பையன். நான்கு வயதிலிருந்து ஆஸ்துமா. காலையும் மாலையும் தடுப்பு இன்ஹேலர், மூச்சு இழுத்தால் நீல நிற நிவாரண இன்ஹேலர் என்றுதான் அவன் நாட்கள் போகின்றன.

சில மாதங்களுக்கு முன்பு அக்கா அழைத்தார். பேரங்காடி ஒன்றில் நடந்த ஆரோக்கியக் கண்காட்சிக்குப் போயிருக்கிறார். அங்கே கையடக்கமான ஒரு குழலைக் காட்டியிருக்கிறார்கள்.

"தம்பி, வாயில வச்சு ஊதுனா போதுமாம். உள்ளுக்குள்ள அதிருமாம். மூணு மாசத்துல பம்பே தேவைப்படாதுன்னு சொல்றாங்க. ஐந்நூறு வெள்ளிதான். வாங்கிடவா?"

"கொஞ்சம் பொறுங்கக்கா, விசாரிச்சுட்டுச் சொல்றேன்" என்றேன்.

இந்தக் கேள்வி என் அக்காவுடையது மட்டுமல்ல. புலனத்தில் வரும் காணொளிகள், முகநூல் விளம்பரங்கள், இணைய அங்காடிகள் என்று எங்கு பார்த்தாலும் அதிர்வுக் கருவிகளும் காற்றழுத்தக் கருவிகளும் கண்ணில் படுகின்றன. புகைமூட்டக் காலம் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். 2013 ஜூனில் மூவாரிலும் லெடாங்கிலும் புகைமூட்டத்தால் அவசரநிலை அறிவிக்கப்பட்டதையும், 2015-இல் பள்ளிகள் மூடப்பட்டதையும் நாம் மறந்திருக்க மாட்டோம். பிள்ளை மூச்சுக்குத் திணறுவதைப் பார்க்கும் பெற்றோர் எதையாவது செய்யத்தான் துடிப்பார்கள். அந்தத் துடிப்பைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கையில் இருக்கும் கருவி எதற்காக உருவானது, பிள்ளைக்கு இருக்கும் நோய் எது என்ற இரண்டையும் பொருத்திப் பார்த்துவிட்டுத்தான் பணத்தை எடுக்க வேண்டும்.

எல்லாம் ஒரே கருவி அல்ல

விற்பவர்கள் ஒரே மூச்சில் சொன்னாலும், இவை வெவ்வேறு வேலைக்கானவை. முக்கியமாக மூன்று வகைகளைச் சொல்லலாம்.

முதல் வகை, நெஞ்சுச் சளிக்கானது. வாயில் வைத்து ஊதும் குழல். பார்ப்பதற்குப் புகைபிடிக்கும் பைப் போலவே இருக்கும் ஒரு வகை உண்டு. அதன் தலைப்பகுதியில் சிறிய எஃகுக் குண்டு ஒன்று உட்கார்ந்திருக்கும். நாம் ஊதும்போது காற்று அந்தக் குண்டைத் தூக்கும், அது உடனே விழும், மறுபடி எழும். விநாடிக்குப் பத்துப் பதினைந்து முறை இப்படிக் குதிக்கும்போது ஊதும் காற்று தடைபட்டுத் தடைபட்டு வெளியேறுகிறது. அந்த அதிர்வு நெஞ்சுக்குள்ளும் போகிறது.

இதில் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. காற்று எளிதில் வெளியேற முடியாததால் மூச்சுக்குழாய்களுக்குள் சிறிது அழுத்தம் தங்கி, குழாய்கள் சுருங்கிவிடாமல் திறந்திருக்கின்றன. சளிக்குப் பின்னால் காற்று போய்ச் சேர முடிகிறது. அதே நேரத்தில் அதிர்வு, சுவரில் ஒட்டிய சளியைத் தளர்த்துகிறது. பிறகு இருமினால் அது வெளியே வரும். மருத்துவமனைகளில் இயன்முறைச் சிகிச்சையாளர்கள் சில பிள்ளைகளுக்கு இதையே மிக எளிமையாகச் செய்து கொடுப்பதுண்டு. போத்தலில் 10 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, அதன் அடி வரை குழாய் விட்டு, குமிழி வர ஊதச் சொல்வார்கள். அந்தத் தண்ணீரின் உயரம்தான் அழுத்தத்தின் அளவு. பிள்ளைக்கு விளையாட்டு, நெஞ்சுக்கு வேலை.

மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாக விரிந்து சளி தேங்கும் 'பிராங்கியெக்டசிஸ்' நோயாளிகளுக்கும், 'சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்' என்ற பரம்பரை நோய் உள்ளவர்களுக்கும், பல ஆண்டுகள் புகைபிடித்து நுரையீரல் கெட்டுச் சளி கட்டிக்கொண்டவர்களில் சிலருக்கும் இந்தக் குழல்கள் பயன்படுகின்றன. இவை போலியான கருவிகள் அல்ல. சரியான நோய்க்குச் சரியான கருவிகள்.

இரண்டாம் வகை, மூக்குக்கானது. இதை மூக்கின்மேல் வைத்துக்கொண்டு மூச்சை இழுத்து விட வேண்டும். கருவி மெல்லிய ஒலி அதிர்வை எழுப்பும். மூச்சை வெளியே விடும்போது சிறிது எதிரழுத்தமும் கொடுக்கும்.

மூன்றாம் வகை, தூக்கத்தில் முகமூடி வழியாகத் தொடர்ந்து காற்றைச் செலுத்தும் 'சீப்பாப்' இயந்திரம். குறட்டை விட்டு, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருபவர்களுக்கு இது பெரிய வரம். ஆனால் ஆஸ்துமாவுக்கும் இது நல்லது என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். அதைப் பற்றிப் பின்னால் பார்ப்போம்.

ரீங்காரமும் மூக்கும்

மூக்குக்கான அதிர்வுக் கருவிக்குப் பின்னால் சுவையான அறிவியல் செய்தி ஒன்று உண்டு. சுவீடனின் கரோலின்ஸ்கா கழகத்தைச் சேர்ந்த வைட்ஸ்பெர்க், லண்ட்பெர்க் என்ற இரு ஆய்வாளர்கள் 2002-இல் அதை வெளியிட்டார்கள். வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று ரீங்காரம் செய்தால், சும்மா மூச்சு விடுவதைவிட மூக்கிலிருந்து வரும் நைட்ரிக் ஆக்சைடு வாயு ஏறக்குறைய 15 மடங்கு அதிகரிக்கிறது என்பதே அது.

நம் கன்னத்திலும் நெற்றியிலும் எலும்புக்குள் காற்றறைகள் இருக்கின்றன. சைனஸ் என்று சொல்கிறோமே, அவைதான். அவற்றின் வாசல் மிகக் குறுகியது. சாதாரண மூச்சில் உள்ளே இருக்கும் காற்று மெதுவாகத்தான் மாறும். ரீங்காரத்தின் அதிர்வு அந்தக் காற்றை ஆட்டி வெளியே கொண்டுவருகிறது. சைனஸில் ஊறும் நைட்ரிக் ஆக்சைடும் சேர்ந்து வருகிறது.

யோகாசன வகுப்புக்குப் போனவர்களுக்கு இது பழக்கமான ஓசை. தேனீயைப் போல ரீங்கரிக்கும் 'பிராமரி' பிராணாயாமம் இதுதான். வீட்டில் பெரியவர்கள் ஓங்காரத்தின் கடைசி மகரத்தை நீட்டி ஒலிப்பதும் இதுபோன்றதுதான். "பார்த்தீர்களா, நம் முன்னோர் அன்றே சொன்னார்கள்" என்று புலனத்தில் வருவதும் இதை வைத்துத்தான். ஆனால் அந்த ஆய்வு அளந்தது மூக்கிலிருந்து வரும் வாயுவை. நோய் தீர்ந்ததா என்பதை அது அளக்கவில்லை. இந்த வேறுபாட்டை நாம் மறக்கக் கூடாது.

அதிர்வையும் எதிரழுத்தத்தையும் இணைத்த மூக்குக் கருவி ஒன்றை அமெரிக்காவின் தென் கரோலினா மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்து 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். சில வாரங்கள் பயன்படுத்தியவர்களுக்கு மூக்கடைப்பு குறைந்தது. மூக்கு வழியே காற்று போகும் வேகமும் கூடியது. நல்ல செய்திதான். ஆனால் அது சிறிய ஆய்வு. ஒப்பிட்டுப் பார்க்கப் போலிக் கருவி தரப்பட்ட இன்னொரு குழு அதில் இல்லை. பின்னர் வந்தவையும் சிறிய, குறுகிய கால ஆய்வுகளே.

நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கி, இப்படிப்பட்ட கருவி ஒன்றை நானும் மூன்று வாரம் பயன்படுத்திப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், பயன்படுத்தியவுடன் மூக்கு திறந்தது. அரை மணி நேரம் சுகமாக இருந்தது. ஆனால் காலைத் தும்மலில் ஒன்றுகூடக் குறையவில்லை. கண் அரிப்பும் அப்படியே இருந்தது. ஒருவரின் அனுபவம் ஆய்வாகாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அது அறிவியலோடு ஒத்துப்போகிறது. அடைப்பை அதிர்வு சற்றுத் தளர்த்தலாம். ஒவ்வாமை என்பதோ உடலின் எதிர்ப்பாற்றல் தூசியைப் பகைவனாக நினைத்துப் போர் தொடுப்பது. அந்தப் போரை அதிர்வு நிறுத்துவதில்லை.

ஆஸ்துமா வேறு கதை

மூக்கும் நுரையீரலும் ஒரே காற்றுப்பாதையின் இரு முனைகள். மூக்கு ஒவ்வாமைக்கும் ஆஸ்துமாவுக்கும் உள்ள உறவை வலியுறுத்த உலகச் சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து 1999-இலேயே மருத்துவ வல்லுநர்கள் தனி முயற்சி ஒன்றைத் தொடங்கினார்கள். ஆஸ்துமா உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு மூக்கிலும் ஒவ்வாமை இருக்கிறது. மூக்கைச் சரியாகக் கவனித்தால் ஆஸ்துமாவைக் கட்டுப்படுத்துவதும் எளிதாகும்.

ஆனால் மூக்குக்குப் பலன் தருவதெல்லாம் நெஞ்சுக்கும் பலன் தரும் என்று இதற்குப் பொருள் இல்லை. ஆஸ்துமாவில் மூன்று காரியங்கள் நடக்கின்றன. மூச்சுக்குழாயின் உட்சுவர் அழற்சியால் வீங்குகிறது. சுற்றியுள்ள தசை இறுகுகிறது. உள்ளே சளி சுரக்கிறது. ஊதும் குழல் தொடுவது இந்த மூன்றாவதை மட்டும்தான். வீக்கத்தை அது வடிய வைக்காது. இறுகிய தசையைத் தளர்த்துவதும் அதன் வேலை அல்ல. ஆஸ்துமாவோடு சளித் தேக்கமும் உள்ள சிலருக்கு மருத்துவர் இதைக் கூடுதலாகச் சேர்க்கலாம். அது மருந்தோடு சேர்ந்து நடக்கும் காரியம், மருந்துக்குப் பதிலாக அல்ல.

மூச்சுத்திணறல் வந்திருக்கும் நேரத்தில் இதை ஊதவே கூடாது. ஆஸ்துமா தாக்கும்போது காற்றை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதுதான் கடினம். காற்று ஏற்கெனவே நெஞ்சுக்குள் சிக்கிக் கிடக்கிறது. அப்போது தடையுள்ள குழலை ஊதச் சொல்வது, மூட்டை சுமந்து தள்ளாடுகிறவர் தலையில் இன்னொரு மூட்டையை ஏற்றுவது போன்றது. நிவாரண மருந்து கொடுக்க வேண்டிய பொன்னான நிமிடங்களும் வீணாகும்.

காகிதத்தில் அழகு, சோதனையில் தோல்வி

'சீப்பாப்' இயந்திரத்தின் கதையை இங்கே சொல்ல வேண்டும். தொடர்ந்து காற்றழுத்தம் கொடுத்து மூச்சுக்குழாய்த் தசையை இழுத்து வைத்தால் அது எளிதில் இறுகாது என்று விலங்குகளிடம் செய்த ஆய்வுகள் காட்டின. சிறிய அளவில் மனிதர்களிடம் செய்த முதற்கட்ட ஆய்வும் நம்பிக்கை அளித்தது. கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது, இல்லையா?

அமெரிக்காவில் 200-க்குச் சற்றுக் குறைவான ஆஸ்துமா நோயாளிகளிடம் இதை முறையாகச் சோதித்தார்கள். சிலருக்கு உண்மையான அழுத்தம். சிலருக்கு அழுத்தமே இல்லாதது போன்ற போலி இயந்திரம். 12 வாரம் கழித்துப் பார்த்தால், மூச்சுக்குழாயின் எளிதில் இறுகும் தன்மையில் இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 2016-இல் முடிவு வெளியானது. போலி இயந்திரத்தோடு ஒப்பிட்டிருக்காவிட்டால் அந்தக் கருத்து இன்றும் விளம்பரமாக ஓடிக்கொண்டிருக்கும்.

மூச்சுப் பயிற்சியைப் பற்றியும் நேர்மையான பதில் ஒன்று உண்டு. பிரிட்டனில் 655 ஆஸ்துமா நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2018-இல் வந்தது. மூச்சை நிதானமாக, மூக்கு வழியாக, வயிற்றை அசைத்து விடக் கற்றுக்கொண்டவர்களின் அன்றாட வாழ்க்கைத் தரம் மேம்பட்டது. நேரில் கற்றவர்களுக்கும் குறுந்தட்டில் பார்த்துக் கற்றவர்களுக்கும் பலன் ஒன்றுபோலவே இருந்தது. ஆனால் நுரையீரலின் செயல்திறனோ அழற்சியோ மாறவில்லை. அதாவது, நோயோடு வாழ்வது எளிதானது. நோய் அப்படியே இருந்தது. பயிற்சி செய்யுங்கள், இன்ஹேலரையும் விடாதீர்கள் என்பதுதான் அதன் சாரம்.

மறுநாள் எதுவும் ஆகாது. அதுதான் ஆபத்து

என்னோடு வேலை செய்யும் நண்பர் ஒருவரின் அனுபவத்தை அவர் ஒப்புதலோடு எழுதுகிறேன். முப்பது வயதைத் தாண்டியவர், சிறு வயதிலிருந்து ஆஸ்துமா. இணையத்தில் ஒரு குழல் வாங்கினார். தினமும் ஊதினார். சளி வெளியேறியது, நெஞ்சு இலேசானது. முதல் வாரம் தடுப்பு இன்ஹேலரை ஒரு வேளை குறைத்தார். ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் வாரம் முழுவதும் நிறுத்தினார். அப்போதும் நன்றாகத்தான் இருந்தார். கருவி வேலை செய்கிறது என்று எங்களிடமெல்லாம் சொன்னார். ஆறாம் வாரம் ஒரு நள்ளிரவில், ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாத நிலையில் அவர் மனைவி அவரை அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு போனார். இரண்டு நாள் மருத்துவமனையில் இருந்தார்.

இதில் நடந்தது என்ன? தடுப்பு இன்ஹேலரில் இருக்கும் ஸ்டீராய்டு மூச்சுக்குழாயின் வீக்கத்தை மெல்ல மெல்ல வடிய வைக்கிறது. நிறுத்தினால் வீக்கமும் மெல்ல மெல்லத்தான் திரும்பும். சில நாள், சில வாரம் ஆகும். அந்த இடைவெளியில் நாம் எதைச் செய்துகொண்டிருந்தாலும், குழலை ஊதினாலும் கஷாயம் குடித்தாலும், "இதனால்தான் நன்றாக இருக்கிறேன்" என்று தோன்றும். உண்மையில் நம்மைத் தாங்கிக்கொண்டிருப்பது பழைய மருந்தின் மிச்சம். அந்த மிச்சம் தீர்ந்த நாளில் ஒரு சளிக்காய்ச்சலோ கொஞ்சம் புகைமூட்டமோ போதும்.

"பம்ப் பழகிப் போய்விடும்" என்ற பயமும் நம் குடும்பங்களில் ஆழமாக இருக்கிறது. தடுப்பு இன்ஹேலரில் அடிமையாக்கும் பொருள் எதுவும் இல்லை. ஸ்டீராய்டு பிள்ளையின் வளர்ச்சியைப் பாதிக்காதா என்று அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. சிறு வயதில் சில ஆண்டுகள் தொடர்ந்து எடுத்தவர்களின் உயரம், பெரியவர்களான பிறகு சராசரியாக ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் குறைந்திருந்தது என்று நீண்ட கால அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. அதனால்தான் மருத்துவர்கள் நோயைக் கட்டுப்படுத்தும் மிகக் குறைந்த அளவையே தருகிறார்கள். அந்த 1 சென்டிமீட்டரையும், மூச்சுத்திணறி மருத்துவமனையில் கழியும் இரவுகளையும் பெற்றோர்தான் எடைபோட்டுப் பார்க்க வேண்டும்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது வேறொன்று. உடனே நிம்மதி தருகிறது என்பதால் நீல இன்ஹேலரை மட்டும் நம்பியிருப்பது. ஆஸ்துமா சிகிச்சைக்கு உலகெங்கும் வழிகாட்டும் 'ஜினா' அமைப்பு 2019-இல் தன் பரிந்துரையை மாற்றியது. பெரியவர்களுக்கும் பதின்ம வயதினருக்கும் நிவாரண மருந்தை மட்டும் தனியாகக் கொடுக்கக் கூடாது, வீக்கத்தை வடிக்கும் மருந்தும் உடன் இருக்க வேண்டும் என்றது. நீல இன்ஹேலர் அடிக்கடி தீர்ந்துபோகிறது என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

அக்கா வாங்கிய கருவி

கடைசியில் அக்காவும் நானும் பையனை அழைத்துக்கொண்டு அரசு சுகாதார கிளினிக்குக் குடும்பமாகப் போனோம். கண்காட்சியில் தந்த துண்டுப் பிரசுரத்தையும் எடுத்துப் போனோம். மருத்துவர் அதைப் படித்துவிட்டு, பையனிடம், "நீ இன்ஹேலரை எப்படி எடுப்பாய், காட்டு" என்றார். அவன் வாயில் வைத்து அழுத்தினான். மருந்தின் பெரும்பகுதி நாக்கிலும் தொண்டையிலும் பட்டு நின்றது. நெஞ்சுக்குப் போனது கொஞ்சம்தான்.

மருந்தாளர் அவனுக்கு ஸ்பேசரைக் காட்டினார். ஒரு முனையில் இன்ஹேலரும் மறு முனையில் வாயும் பொருந்தும் சாதாரண பிளாஸ்டிக் குழல் அது. மருந்து முதலில் அந்தக் குழலுக்குள் நிற்கும். பிள்ளை நிதானமாக மூச்சை இழுத்து அதை உள்ளே கொண்டுபோகலாம். அதிராது, ஒளிராது, ஓசையும் எழுப்பாது. ஆனால் மருந்தைச் சேர வேண்டிய இடத்தில் சேர்க்கும். எடுத்து முடித்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்தார்.

இன்னொரு சிறு கருவியையும் காட்டினார்கள். உச்சக் காற்றோட்டத்தை அளக்கும் மானி. வேகமாக ஒரே ஊதலில் ஊதினால் ஓர் எண்ணைக் காட்டும். பிள்ளையின் மிகச் சிறந்த எண்ணில் 80 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் பச்சை. 50-க்கும் 80-க்கும் இடையில் இருந்தால் மஞ்சள், கவனம் தேவை. 50-க்குக் கீழே போனால் சிவப்பு, நிவாரண மருந்தைக் கொடுத்துவிட்டு உடனே மருத்துவ உதவியை நாட வேண்டும். மூச்சு இழுப்பு வெளியே தெரிவதற்கு முன்பே இந்த எண் இறங்கத் தொடங்கிவிடும். ஆஸ்துமாவுக்கு ஊதும் கருவி ஒன்று வேண்டும் என்றால், அது இதுதான்.

இரண்டும் சேர்ந்தே ஐந்நூறு வெள்ளியில் ஒரு சிறு பங்குதான் ஆனது. பையன் இப்போது ஸ்பேசரில்தான் மருந்து எடுக்கிறான். மாலையில் பந்து விளையாடப் போகிறான்.

மூக்குக்கு என்ன செய்யலாம்?

நம் ஊரின் ஈரப்பதம் வீட்டுத் தூசி உண்ணிகளுக்குச் சொர்க்கம். கண்ணுக்குத் தெரியாத இந்த உயிரிகள் மெத்தை, தலையணை, சோபா, திரைச்சீலை எங்கும் வாழும். நம் உடலிலிருந்து உதிரும் தோல் துகளைத் தின்னும். அவற்றின் எச்சம்தான் பலருக்கு ஒவ்வாமையைக் கிளப்புகிறது. படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை 60 பாகை செல்சியஸ் வெந்நீரில் துவைப்பதும், மெத்தைக்கு உண்ணி புகாத உறை போடுவதும் பலர் சொல்லும் வழிகள். அவற்றால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. ஆனாலும் தொடக்கம் அங்கேதான்.

உப்புநீரால் மூக்கைக் கழுவுவதும் பலருக்கு உதவுகிறது. ஆனால் குழாய்த் தண்ணீரை நேராக மூக்கில் விடாதீர்கள். கொதிக்க வைத்து ஆற வைத்த நீரையே பயன்படுத்துங்கள். நீரில் வாழும் ஒரு வகை அமீபா மூக்கு வழியாக மூளையை அடைந்து உயிரைப் பறித்த நிகழ்வுகள் அமெரிக்காவிலும் பாகிஸ்தானிலும் பதிவாகியுள்ளன. அரிதுதான், ஆனால் தவிர்க்கக்கூடியது.

மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு மருந்து ஒரே நாளில் முழுப் பலனைக் காட்டாது. தொடர்ந்து சில வாரம் எடுக்க வேண்டும். பலர் மூன்றாம் நாளே கைவிடுகிறார்கள். மாறாக, அடைப்பை உடனே திறக்கும் சொட்டு மருந்தைச் சில நாட்களுக்கு மேல் விட்டால், அதுவே புது அடைப்பை உண்டாக்கும். எனக்கு இப்போது ஸ்டீராய்டு ஸ்ப்ரேயும், தேவைப்படும்போது தூக்கம் வரவழைக்காத ஒவ்வாமை மாத்திரையும்தான். காலைத் தும்மல் பத்திலிருந்து இரண்டு மூன்றாகக் குறைந்திருக்கிறது. இவற்றுக்கும் அடங்காதவர்களுக்கு, தூசி உண்ணிக்கு உடலைப் பழக்கும் சிகிச்சை இருக்கிறது. நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையாகவும் சொட்டாகவும் அது கிடைக்கிறது. ஏறக்குறைய மூன்று ஆண்டு தொடர வேண்டியது.

இவற்றோடு காலையில் ஐந்து நிமிடம் வாயை மூடி ரீங்காரம் செய்தால் யாருக்கும் நட்டமில்லை. வெள்ளி செலவும் இல்லை.

வாங்குவதற்கு முன் கேளுங்கள்

• இது எந்த நோய்க்கான கருவி? சளி தேங்கும் நோய்க்கா, மூக்கடைப்புக்கா, தூக்கத்தில் மூச்சு நிற்பதற்கா? "எல்லாவற்றுக்கும்" என்று பதில் வந்தால் நடையைக் கட்டுங்கள்.

• பதிவு செய்யப்பட்டதா? மலேசியாவில் 2012-ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிச் சட்டத்தின்கீழ் (சட்டம் 737) மருத்துவக் கருவி ஆணையத்திடம் பதிவு இருக்க வேண்டும். சிங்கப்பூரில் சுகாதார அறிவியல் ஆணையத்தின் பதிவேட்டில் தேடிப் பார்க்கலாம். ஆனால் ஒரு கருவி பதிவில் இருப்பதால், விற்பவர் சொல்லும் ஒவ்வொன்றும் மெய்யாகிவிடாது.

• "ஆஸ்துமாவைக் குணப்படுத்தும்" என்று விளம்பரம் சொல்கிறதா? நம் நாட்டின் 1956-ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் பொதுமக்களிடம் சிகிச்சை விளம்பரம் செய்யக் கூடாத 20 நோய்களைப் பட்டியலிடுகிறது. அந்தப் பட்டியலில் ஆஸ்துமாவும் இருக்கிறது. மருந்துக்கு மட்டுமல்ல, கருவிக்கும் அது பொருந்தும்.

• போலிக் கருவியோடு ஒப்பிட்டுச் சோதித்தார்களா? "ஆயிரம் பேர் பயன்பெற்றார்கள்" என்பது இதற்குப் பதிலாகாது.

• எனக்கு இது பாதுகாப்பானதா? அண்மையில் மூக்கு, காது, முக அறுவை சிகிச்சை செய்தவர்களும், நுரையீரலில் காற்று கசிந்த வரலாறு உள்ளவர்களும், அடிக்கடி மூக்கில் இரத்தம் வருபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் எந்த அழுத்தக் கருவியையும் தொட வேண்டாம்.

• மருந்தை நிறுத்தச் சொல்கிறார்களா? சொன்னால், மற்ற எந்தக் கேள்வியும் தேவையில்லை. மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் மருத்துவரின் வேலை, விற்பனையாளரின் வேலை அல்ல.

பேச முடியாத அளவு மூச்சுத்திணறல், உதடு நீலம் பாரிப்பது, விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்ளே இழுபடுவது, நிவாரண மருந்து எடுத்தும் அடங்காதது ஆகிய நான்கில் எது தென்பட்டாலும் காத்திருக்காதீர்கள். மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995. உதவி வரும் வரை மருத்துவர் எழுதித் தந்த திட்டப்படி நிவாரண மருந்தை ஸ்பேசரில் கொடுத்துக்கொண்டிருங்கள். அப்படி எழுதிய திட்டம் உங்கள் வீட்டில் இல்லை என்றால், அடுத்த முறை கிளினிக்குக் போகும்போது கேட்டு வாங்கிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வையுங்கள். அந்த ஒரு தாளுக்குக் காசு எதுவும் தர வேண்டியதில்லை.